மாலையில் இறங்கிய இமை

முதலில் நான் கவனித்தது அவருடைய இடது இமையைத்தான்.

தென்னூரில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். மாலை வெயில் இன்னும் போகவில்லை. எதிரே என் கணவர் வில்லெம் உறையூர்ச் சுருட்டு ஒன்றைப் பற்றவைக்க முயன்றுகொண்டிருந்தார். சுருட்டு உதட்டில் நிற்காமல் மடியில் விழுந்தது. எடுத்து வைத்தார். மறுபடியும் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வலது கண் என்னை முழுதாகப் பார்த்தது. இடது கண் பாதி மூடியிருந்தது.

"குடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லையே" என்றார். அந்தச் சொல் மூக்கு வழியாக வந்தது.

நான் நம்பவில்லை. மாநிலத்தில் மதுவிலக்கு இருந்த காலம் அது. வெளிநாட்டுக்காரர்களுக்குக் குடிக்கப் பெர்மிட் கொடுப்பார்கள். அவரிடமும் ஒன்று இருந்தது. அருகே போய் மோந்து பார்த்தேன். புகையிலையும் கிரீஸும்தான் வாடை அடித்தன. வாடை இல்லாததால் என் சந்தேகம் குறையவில்லை. மறைக்கப் பழகிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

சாயங்காலமானால் வேறு ஆளாக மாறிவிடும் ஒருவரோடு வாழ்ந்துகொண்டு, யாரை நம்புவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வில்லெம் ஹாலந்துக்காரர். தன் ஊரில் கடலோர மணல்மேடுகளுக்கு நடுவே போட்டிருந்த பாதையில் இருபது வயதிலிருந்தே கார்ப் பந்தயம் ஓட்டியவர். பெரிய கார்கள் அவருக்குக் கிடைக்கவில்லை. சிறிய கார்களில் சில கோப்பைகள் வாங்கினார். அதில் பிழைப்பு நடக்காது என்று தெரிந்ததும் பொறியாளர் வேலைக்குத் திரும்பி, ஐம்பதுகளின் நடுவில் ஓர் ஆலைக்கு இயந்திரங்கள் பொருத்தித் தரத் திருச்சிக்கு வந்தார். இயந்திரங்கள் ஓடத் தொடங்கிய பிறகும் அவர் ஊர் திரும்பவில்லை. காரணம் ஓரளவு நான். மீதி என் அண்ணனின் கார்ப் பட்டறை.

அண்ணன் தேவராஜின் பட்டறை பாலக்கரையில் இருந்தது. பழைய கார் ஒன்றை வாங்கி, மேல்கூட்டை வெட்டி எறிந்துவிட்டு, இருவரும் அதைப் பந்தயக் காராக மாற்றினார்கள். சென்னைக்கு வெளியே யுத்த காலத்தில் போட்ட விமான ஓடுதளத்தில் அப்போது ஆண்டுதோறும் பந்தயம் நடக்கும். அங்கே வில்லெம் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் முதலாவதாக வந்தார். தன் ஊரில் கிடைக்காத பெயர் அவருக்கு இங்கே கிடைத்தது. மலைக்கோட்டைக் கடைத்தெருவில் நடந்தால் துணிக்கடைக்காரர்கள் எழுந்து நின்று கை குலுக்குவார்கள். அவர் தமிழைப் பட்டறையில் கற்றவர். வாடிக்கையாளரையும் 'நீங்க' என்பார், என்னையும் 'நீங்க' என்பார், தெரு நாயையும் 'நீங்க' என்பார்.

அப்படிப்பட்டவர் அந்த இமை இறங்கிய மாதத்திலிருந்து எங்களைப் பார்த்துப் பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

என் சந்தேகம் குடியின் மேல். அவர் சந்தேகமோ காரின் மேல். ஒரு மாலை ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலத்தின் வழியாக அந்தப் பந்தயக் காரில் திரும்பியவர், நேராகப் பட்டறைக்குப் போய், "ஸ்டியரிங்ல யாரோ கை வச்சிருக்காங்க" என்றாராம். அண்ணன் மறுநாள் காலையில் ஸ்டியரிங்கை அக்கக்காகப் பிரித்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. வில்லெம் தானே ஓட்டிப் பார்த்தார், சரியாகத்தான் போனது. சாயங்காலம் மறுபடியும் அதே புகார். மூன்றாம் நாள் பானெட்டுக்கு ஒரு பூட்டுப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அண்ணன் வீட்டுக்கு வந்து என்னிடம் கத்தினார். "என் பட்டறையில எனக்கே பூட்டா? மாப்பிள்ளை தண்ணி போட்டுட்டு வண்டி ஓட்டுறாரு எஸ்தரு. பழியை என் மேல போடுறாரு."

எனக்கும் அதே எண்ணம்தான்.

அந்த ஆண்டுப் பந்தயத்துக்கு நானும் போயிருந்தேன். காலையில் நடந்த ஒத்திகை ஓட்டத்தில் அவரை யாரும் நெருங்கவில்லை. கடைசிப் பந்தயம் பிற்பகலில், நல்ல வெயிலில் தொடங்கியது. பாதிக்கு மேல் அவர்தான் முன்னால் போனார். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அவர் தலை பின்பக்கம் சாய்ந்துகொண்டே வருவதைப் பார்த்தேன். மோவாயைத் தூக்கி, எதையோ எட்டிப் பார்ப்பவரைப் போல ஓட்டினார். இறங்கிய இமைக்குக் கீழாகப் பாதையைப் பார்க்க முயல்கிறார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

வளைவில் கார் திரும்பவில்லை. நேராகப் போய், வரிசையாக நிறுத்தியிருந்த வெற்றுத் தார்ப் பீப்பாய்களில் மோதியது. ஒரு சக்கரம் கழன்று கூட்டத்தை நோக்கி உருண்டு, கயிற்றில் பட்டு விழுந்தது. யாருக்கும் அடியில்லை. வில்லெமுக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது.

நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பந்தயம் நடத்துபவர்களில் ஒருவர் குனிந்து அவர் வாயை மோந்துகொண்டிருந்தார். நான் வீட்டில் செய்ததையே ஓர் அந்நியர் செய்வதைப் பார்த்தபோது எனக்குக் கூசியது.

"என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"ரெண்டு ரோடு இருந்தது எஸ்தர். நான் தப்பான ரோட்டை எடுத்துட்டேன்."

அவர் குடித்திருந்தார் என்று பந்தயக்காரர்களிடையே செய்தி பரவியது. மறு ஆண்டு அவரைச் சேர்க்கலாமா என்றே யோசிப்பதாகச் சொன்னார்கள்.

தோளுக்குக் கட்டுப் போட்டபின் திருச்சியில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். காலையில்தான் போனோம். காலையில் வில்லெமுக்கு ஒன்றுமே இருக்காது. கண் திறந்திருக்கும், பேச்சு தெளிவாக இருக்கும். மருத்துவர் முழங்காலில் தட்டிப் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். நரம்புத் தளர்ச்சி என்று ஒரு டானிக் எழுதினார். என்னைத் தனியே கூப்பிட்டு, "வீட்டுல ஏதாவது மனஸ்தாபமா?" என்று கேட்டார். அவர் கண்ணில் நான்தான் நோய்.

டானிக்கால் பயனில்லை. இரவுச் சாப்பாட்டில் பாதியிலேயே தாடை ஓய்ந்துவிடும். கையால் மோவாயைத் தாங்கிக்கொண்டு மெல்லுவார். காப்பி குடித்தால் மூக்கில் ஏறும். ஒரு மனிதர் எதற்காக இதையெல்லாம் நடிக்க வேண்டும் என்று யோசிப்பேன். மறுநாள் காலையில் அவர் சீட்டியடித்துக்கொண்டு சவரம் செய்வதைப் பார்த்தால், நடிப்பாக இருக்குமோ என்ற எண்ணம் திரும்ப வந்துவிடும். இந்த நோயின் கொடுமை அதுதான். காலையில் ஆள் நன்றாக இருப்பதால், மாலையில் படும் பாட்டை யாரும் நம்புவதில்லை.

எங்கள் பள்ளித் தலைமை ஆசிரியை சொல்லித்தான் ஸ்ரீரங்கம் டாக்டரிடம் போனோம். சித்திரை வீதியில் வீட்டின் முன்பகுதியிலேயே அவர் நோயாளிகளைப் பார்ப்பார். நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கோடாக ஸ்ரீசூர்ணம், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். சென்னையில் நரம்பு நோய்ப் பிரிவில் சில காலம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்.

"உக்காருங்கோ. எப்ப ஜாஸ்தியா இருக்கு? காலம்பறயா, சாயங்காலமா?"

நேரத்தைப் பற்றி எங்களைக் கேட்ட முதல் ஆள் அவர். நான் சொன்னதும், "அப்ப இன்னிக்கு சாயங்காலம் வாங்கோ. ரெஸ்ட் எடுக்காம வாங்கோ" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

மாலையில் போனோம். சுவரின் உச்சியில் ஓர் இடத்தைக் காட்டி, கண்ணை எடுக்காமல் பார்க்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் இரண்டு இமைகளும் இறங்கின. சத்தமாக எண்ணச் சொன்னார். வில்லெம் தமிழிலேயே எண்ணினார். முப்பதைத் தாண்டியதும் குரல் மூக்குக்குப் போய், பிறகு வெறும் காற்றானது.

டாக்டர் ஓர் ஊசி போட்டார். காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. இவரும் இன்னொரு டானிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவதாக ஓர் ஊசி போட்டார். அரை மணி கூட ஆகியிருக்காது. கடைக்காரர் இரும்பு ஷட்டரை மெல்லத் தூக்குவதைப் போல என் கணவரின் இடது இமை மேலே போனது. நீல விழி முழுதாகத் தெரிந்தது.

"எஸ்தர், உங்களை ஒண்ணாப் பாக்குறேன்" என்றார். குரல் தெளிவாக இருந்தது.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. "என்ன ஊசி டாக்டர் இது? போதை மருந்தா?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. இது மயஸ்தீனியா (தசைகள் வேலை செய்யச் செய்ய ஓய்ந்துபோகும் நோய்) என்றார். நரம்பு அனுப்பும் உத்தரவு தசைக்குப் போய்ச் சேரும் இடத்தில் தடை ஏற்படுகிறது. ஓய்வெடுத்தால் பலம் கொஞ்சம் திரும்பும். போட்ட மருந்து நியோஸ்டிக்மின் (அந்த உத்தரவைத் தசையில் கூடுதல் நேரம் நிறுத்தி வைப்பது). ஏன் வருகிறது என்று அப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"முதல் ஊசி ஏன் வேலை செய்யலை?"

"அது வெறும் உப்புத் தண்ணிம்மா. நடிக்கிறவாளா இருந்தா அதுக்கே கண்ணைத் தொறந்துடுவா. எனக்கும் சந்தேகம் இருந்துது."

வில்லெம் சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு அவர் முகம் முழுவதும் சிரித்தது. எனக்குத்தான் அழுகை வந்தது.

மாத்திரைகள் சென்னையிலிருந்து வரவேண்டும். சில மணி நேரத்துக்கு ஒரு முறை விழுங்க வேண்டும். விழுங்கியபின் உடம்பில் பலம் ஏறும், பிறகு இறங்கும். டாக்டர் ஓர் எச்சரிக்கை சொல்லியிருந்தார். மாத்திரை குறைந்தாலும் பலவீனம் வரும், கூடினாலும் பலவீனம் வரும். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். "வாய்ல ஜலம் கொட்டித்துன்னா, வயத்தைப் பிசைஞ்சுதுன்னா, மாத்திரையைச் சந்தேகப்படுங்கோ."

அண்ணன் வந்து வில்லெமின் கையைப் பிடித்துக்கொண்டார். பானெட்டுப் பூட்டு கழற்றப்பட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் சில மாதங்களில் அவர்கள் இருவரும் நான் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்தத் தொடங்கினார்கள்.

ஒரு நாள் பள்ளி விட்டு வரும்போது பட்டறை வாசலில் பையன்கள் கூடி நின்றார்கள். உள்ளே, சீர் செய்யப்பட்ட பந்தயக் காரின் இருக்கையில் வில்லெம் துவண்டு கிடந்தார். கழுத்து நிற்கவில்லை. வியர்வையில் சட்டை நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் விரலால் வாயைக் காட்டினார். மாத்திரை கேட்கிறார்.

"குடுத்துடு எஸ்தரு, மூச்சு வாங்குது பாரு" என்றார் அண்ணன்.

மாத்திரையைக் கையில் எடுத்தும்விட்டேன். அப்போதுதான் அவர் கடைவாயைக் கவனித்தேன். எச்சில் நூலாக வழிந்துகொண்டிருந்தது. ஒரு கை வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தது. கன்னத்துத் தோலுக்கு அடியில் தசை துடித்தது.

"இன்னிக்கு எத்தனை போட்டீங்க?"

எப்போதும் போடும் அளவை விரல்களால் காட்டினார். நான் நம்பவில்லை. அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லுண்ணே!"

"சென்னையில இருந்து தனியா வாங்கிட்டு வந்து குடுத்தேன். ரேஸுக்குப் பேரு குடுத்திருக்காரு. நாள் பூரா ஓட்டிப் பாக்கணும்னாரு. மேல மேல போட்டுக்கிட்டே இருந்தாரு."

மாத்திரையைக் கீழே போட்டேன். அண்ணன் காரிலேயே ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போகும் வழியெல்லாம் அவர் தலையை ஒருக்களித்துப் பிடித்து, எச்சில் மூச்சுக்குழலில் போகாமல் துடைத்துக்கொண்டே வந்தேன். அட்ரோபின் (எச்சிலையும் வயிற்றுப் பிசைவையும் அடக்கும் மருந்து) போட்டு, மாத்திரையை அறவே நிறுத்தி, ஆக்ஸிஜன் வைத்தார்கள். ஸ்ரீரங்கம் டாக்டரும் வந்து உடனிருந்தார். மூச்சு நின்றால் கையால் காற்றடிக்க ஓர் ஆளைப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தார்கள். அந்த ஆளுக்கு வேலை வரவில்லை.

"இன்னொண்ணு குடுத்திருந்தா போயிருப்பார்" என்று டாக்டர் தாழ்வாரத்தில் என்னிடம் சொன்னார். அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

வில்லெமால் பேச முடிந்ததும் அவரிடம் கேட்டேன். "எங்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

"ஒரு தடவை ஜெயிச்சா போதும்னு நினைச்சேன். குடிகாரன்னு பேர் இருக்கு. அந்தப் பேரோட ரேஸை நிறுத்த முடியல."

அவர் பந்தயத்துக்குக் கொடுத்த பெயரை அவரே திரும்ப வாங்கிக்கொண்டார். நோய் என்னவென்று ஸ்ரீரங்கம் டாக்டரே பந்தயம் நடத்துபவர்களிடம் எடுத்துச் சொன்னார். அவர்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அடுத்த பந்தயத்தில் கொடியசைக்க அவரை அழைத்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, காலைப் பந்தயத்துக்கு மட்டும் போய்க் கொடியசைத்துவிட்டு வந்தார். அவருடைய பந்தய வாழ்க்கை அத்தோடு முடிந்தது. அப்போது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

பிறகு அவர் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கண்டிப்பான ஆசிரியர். மணப்பாறைச் சாலையில் விடுமுறை நாள்களில் காலையில் போவோம். நான் ஓட்டுவேன். அங்கே முறுக்கு வாங்குவோம். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவரால் அதைக் கடிக்க முடியும். அதுவரை பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு காத்திருப்பார். கடிக்கும் சத்தம் கேட்டால் பலம் ஏறிவிட்டது என்று எனக்குத் தெரியும்.

உடம்பு என்றால் எப்போதும் இருப்பது என்று அதற்கு முன்னால் நினைத்திருந்தேன். இப்போது அது காலையில் கொஞ்சம் கையில் கொடுக்கப்பட்டு, மாலைக்குள் தீர்ந்துவிடுவதாகத் தெரிகிறது. எதற்குச் செலவழிப்பது என்று அவர் தினமும் தேர்ந்தெடுக்கிறார். பேசினால் மெல்ல முடியாது, படித்தால் நடக்க முடியாது. எங்கள் வீட்டில் மணி பார்த்து யாரும் எதையும் சொல்வதில்லை. மாத்திரைக்கு முன், மாத்திரைக்குப் பின் என்கிறோம். என் உடம்பும் அந்தக் கணக்குக்குப் பழகிவிட்டது. அவர் இமை இறங்கும் வேளையில் எனக்கும் தோள்கள் இறங்குகின்றன.

திரும்பி வரும்போது சில நாள் அவர் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அசந்து தூங்குகிறாரா, அல்லது தளர்ச்சி வந்துவிட்டதா என்று முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. சாலை நேராக இருக்கும் இடத்தில் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து அவர் நெஞ்சின் மேல் வைப்பேன். மூச்சு ஏறி இறங்கும் வரை காத்திருப்பேன்.

"ரோட்டைப் பாருங்க எஸ்தர்" என்பார், கண்ணைத் திறக்காமலே.