கடைசி ஆளுக்கும் பரிசு உண்டு

இராஜமாணிக்கம் மலாயாவில் மந்தின் என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டிய தாய் தகப்பனுக்குப் பிறந்தவர். ஆறாம் வகுப்பு இங்கிலீஷை மூலதனமாக வைத்துச் சிரம்பானில் ஒரு வெள்ளைக்காரனின் மோட்டார் கம்பெனியில் நுழைந்து, விற்பனை மேனேஜராகி, கழுத்தில் டையும் கட்டிக்கொண்டார். கார் ஓட்டத் தெரியாது. அது ஒரு குறையா என்ன? ஓட்டத் தெரிந்தவன் டிரைவர், ஓட்டச் சொல்கிறவன் மேனேஜர் என்று சொல்லி விடுவார்.

அவருக்குத் தெரிந்தது போட்டி. மாதா மாதம் போட்டி. அதிகம் விற்றவனுக்குக் கைக்கடிகாரம், அடுத்தவனுக்கு மைப்பேனா. கடைசியாக வந்தவனுக்கு ஒரு மரக்கழுதை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு மாதம் முழுக்க வாடிக்கைக்காரர்கள் முன்னால் நிற்க வேண்டும். "பரிசுக்கு ஓடுறவனவிட கழுதைக்குப் பயந்து ஓடுறவன்தான் வேகமா ஓடுவான்லா" என்பது அவருடைய தத்துவம். பதினோரு வருடம் மேனேஜராக இருந்தும் அந்தக் கழுதை எவ்வளவு கனம் என்று அவர் கையில் எடுத்துக்கூடப் பார்த்ததில்லை.

ஜப்பான்காரன் வந்தான். கடையில் நின்ற இருபத்திரண்டு கார்களும் ஒரே நாளில் போயின. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அவ்வளவு வியாபாரம் நடந்ததே இல்லை. காசும் ரசீதும்தான் இல்லை. வெள்ளைக்காரன் சிங்கப்பூர்ப் பக்கம் ஓட, இராஜமாணிக்கமும் அவருடைய மூன்று விற்பனை ஆட்களும் சுங்கை காடுட் பக்கத்துத் தோட்டத்தில், காலியாகக் கிடந்த ரப்பர் ஸ்டோரில் கொண்டுபோய் விடப்பட்டார்கள். அங்கே அவர்களுக்கு விற்கக் கிடைத்தது கார் அல்ல, அடுப்பு. பெட்ரோல் இல்லாத காலமாயிற்றே! லாரியின் பின்னால் ஓர் இரும்பு அடுப்பை மாட்டி, கரியை எரித்து, அந்தப் புகையில் வண்டியை நகர்த்த வேண்டும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். இதைத் தோட்டம் தோட்டமாகப் போய், லாரி வைத்திருக்கிறவர்களிடம் விற்க வேண்டும்.

மேற்பார்வைக்கு வந்த ஜப்பானிய அதிகாரி மொரி, விற்பனை மந்தம் என்று முகத்தைச் சுளித்தான். இராஜமாணிக்கம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தாரா? தம்முடைய போட்டி, கைக்கடிகாரம், கழுதை எல்லாவற்றையும் மலாய் மொழியில் விலாவாரியாக எடுத்து விட்டார். மொரிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். நல்ல முறை, ஒரு மாதம் நடத்து, என்றான். முதலில் வருகிறவனுக்கு ஒரு மூட்டை அரிசி. கடைசியில் வருகிறவன் சயாமுக்கு, ரயில் பாதை போட.

சயாமுக்குப் போனவர்களில் ஒருவர்கூட அந்தத் தோட்டத்துக்குத் திரும்பி வந்ததில்லை. அது இராஜமாணிக்கத்துக்கும் தெரியும். தெரிந்தும், காலையில் தோட்டத்து ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குக் கணக்கு எழுதும் கரும்பலகையைத் துடைத்து, அழகான கையெழுத்தில் மூன்று பெயர்களை எழுதினார். மணியம். நஸ்ருதீன். அர்ச்சுனன்.

அர்ச்சுனன் வேறு யாருமில்லை, அவருடைய மனைவி மங்கம்மாவின் தம்பி. அவனை வேலைக்குக் கொண்டுவந்ததே இவர்தான்.

"மாமா, என்னா இது? வெளையாட்டா?" என்றான் அர்ச்சுனன்.

"போட்டின்னா போட்டிதான்லா. நல்லா வித்தா உனக்கென்ன பயம்?"

மூன்று பேரும் மறைவில் கூடி ஒரு முடிவு செய்துகொண்டார்கள். ஆளுக்கு நாலு அடுப்பு, கூடவும் கிடையாது குறையவும் கிடையாது. எல்லோரும் சமமாக வந்தால் கடைசி ஆள் ஏது? சத்தியம்கூடச் செய்தார்கள். ஆனால் இராஜமாணிக்கத்திடம் தொழில் படித்தவர்கள் அல்லவா! எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொருவனும் மற்ற இரண்டு பேருக்குத் தெரியாமல் ஒன்று கூடுதலாக விற்று வைத்திருந்தான். மாதக் கடைசியில் ஆளுக்கு நாலு ஆர்டர் தாளை எடுத்து வைத்து, கொஞ்சம் இருமி, சட்டைப்பையிலிருந்து ஐந்தாவதையும் எடுத்தார்கள். மூன்று பேரும் ஐந்து. ஒருவரை ஒருவர் பார்த்து வெட்கப்பட்டார்கள், பிறகு வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

இராஜமாணிக்கம் சிரிக்கவில்லை. கடைசி ஆள் இல்லாத போட்டி ஒரு போட்டியா? பதினோரு வருடத்தில் இப்படி ஒரு கேவலம் நடந்ததில்லை. யாராவது கேட்டார்களா, இல்லை. அவராகவே எழுந்து மொரியின் ஆபீசுக்குப் போய், இன்னும் ஒரு வாரம் கொடுத்தால் கடைசி ஆளைப் பிரித்து விடலாம் என்று முறையிட்டார்.

மொரி தலை நிமிராமல் கேட்டான். "நீ எத்தனை விற்றாய்?"

"நான் மேனேஜர்."

"எத்தனை?"

ஒன்றுமில்லை என்று சொல்ல எந்த விற்பனைக்காரனுக்கு வாய் வரும்? "நானும் வித்திருக்கேன். தாள் ஸ்டோர்ல இருக்கு" என்று புளுகினார். சாயங்காலத்துக்குள் நாலு பேர் தாளையும் கொண்டு வா, குறைந்தவன் நாளைக் காலை ரயில் ஏறுவான், என்று மொரி அனுப்பி வைத்தான்.

ஸ்டோருக்கு வந்து நடந்ததைச் சொல்லி நின்றவரைப் பார்த்து மூவருக்கும் மனசு கேட்கவில்லை. என்ன இருந்தாலும் சோறு போட்ட மனிதர். ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்தார்கள். விற்றவர் பெயர் பென்சிலில்தான் இருந்தது. அழித்து எழுதினார்கள். எண்ணிப் பார்த்தால் அவர்களுக்கு நாலு, நாலு, நாலு. இவருக்கு மூன்று.

மணியம் கூரையில் எதையோ தேடினான்.

"மேனேஜர், எனக்கு மூணு புள்ளைங்க" என்றார் நஸ்ருதீன்.

அர்ச்சுனனுக்கு வயது இருபத்து நாலு. கல்யாணம் ஆகவில்லை. இன்னொரு தாளை நீட்டினான். "அக்காவ நெனச்சுத்தான் மாமா. வாங்கிக்குங்க."

அவர் வேண்டாம் என்பார் என்று மற்ற இரண்டு பேரும் எதிர்பார்த்தார்கள். அர்ச்சுனனும் கொஞ்சம் எதிர்பார்த்திருப்பான், பாவம். இராஜமாணிக்கம் வாங்கிக்கொண்டார். பெயரை அழித்துத் தம் பெயரைத் திருத்தமாக எழுதினார். வெட்கமாக இருந்தது அவருக்கு, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் உயிரும் இருந்ததே!

முதலிடத்தில் மூன்று பேர் என்பதால் மொரி அரிசி மூட்டையை மூன்றாகப் பங்கிட்டான். தம் பங்கைத் தோளில் வைத்துக்கொண்டு இராஜமாணிக்கம் அதே தோட்டத்தில் மங்கம்மாவோடு குடியிருந்த வீட்டுக்குப் போனார்.

ஆறு மாதமாக மரவள்ளிக்கிழங்கையே அவித்துக் கொட்டிய மங்கம்மா, அரிசியைக் கண்டதும் இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்தாள். "ஐயோ, அரிசியாங்க! தம்பியையும் வரச் சொல்லுங்க, சுடச்சுடத் திங்கட்டும்." உலையும் வைத்து விட்டாள்.

"அவன் நாளைக்குக் காலையில சயாமுக்குப் போறான். போட்டில கடைசி."

அவள் அப்படியே உட்கார்ந்து விட்டாள்.

"எத்தன வித்தான்?"

"மூணு."

"நீங்க?"

"நாலு."

"ஏங்க, இந்த ஒரு மாசமா நீங்க ஸ்டோர விட்டு வெளியவே போகலியே. எங்க போயி வித்தீங்க?"

வாயாலேயே நூறு கார் விற்ற மனிதர் குனிந்து அடுப்பில் விறகைத் தள்ளி வைத்தார். மங்கம்மா எழுந்தாள். உலையை இறக்கி வைத்தாள். அரிசி முழுவதையும் ஒரு பழைய சேலையில் கொட்டி, இறுக முடிச்சுப் போட்டு, தூக்கிக்கொண்டு தம்பி இருந்த ஸ்டோரைப் பார்த்து நடந்தாள். வீட்டில் ஒரு பிடிகூட வைக்கவில்லை.