ஆசிட் ஊற்றிய அம்பாசிடர்

மாமாவின் அம்பாசிடரை நான் வெள்ளையாகப் பார்த்ததைவிடச் சாம்பலாகப் பார்த்த நாட்களே அதிகம். அம்மாவின் தம்பியான அவர் அரியலூரில் வாடகைக் கார் ஓட்டினார். சிமெண்ட் ஆலைகளுக்கு வந்துபோகும் அதிகாரிகளை ஏற்றி இறக்குவதுதான் பெரும்பாலும் வேலை. உள்ளே போனவர்கள் திரும்பும்வரை வண்டி ஆலை வாசலிலேயே காத்துக் கிடக்கும். தூசி படியாமல் என்ன செய்யும்?

காரின் மேல் மாமாவுக்கு இருந்த பக்தி தெருவே அறிந்தது. வாசல் தெளிப்பதுபோல் தினமும் காலையில் ஒரு வாளித் தண்ணீரை அதன் மேல் அள்ளித் தெளிப்பார். துடைக்கமாட்டார், சூடம் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். சிமெண்ட் தூசியில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் சாமி காரியம்போல் நடந்ததால் எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் காருக்கு மேல் ஒரு தளமே போட்டுவிட்டிருந்தார் மனுஷன்.

"உன்னப் புருஷன் வூட்டுக்கு என் வண்டிலதான் கொண்டு போயி வுடுவேன் பாப்பா" என்று நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். 2003இல் எனக்கு மீன்சுருட்டியில் மாப்பிள்ளை அமைந்தது. பெண்ணை அழைத்துப்போக அவர்கள் பளபளவென்று ஒரு புதுக் காரை ஏற்பாடு செய்திருப்பதாகக் கேள்விப்பட்டதும் மாமாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்திக் கழுவ ஆரம்பித்தார். சோப்புத்தூளுக்கு அந்தச் சிமெண்ட் பொருக்கு அசையவில்லை. குத்துவிளக்குத் துலக்க வைத்திருந்த புளியை அம்மா கொண்டுவந்து கொடுத்தாள், அதற்கும் மசியவில்லை. கடைசியில் மாமா கடைக்குப் போய் கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை வாங்கி வந்தார்.

முதலில் நிறையத் தண்ணீர் கலந்து கதவோரம் கொஞ்சமாக விட்டுப் பார்த்தார். புஸ்ஸென்று நுரைத்து அடியில் வெள்ளை எட்டிப் பார்த்தது. "பாத்தியா பாப்பா, புது வண்டி!" என்று குதித்தார். அந்தச் சந்தோஷம்தான் காரியத்தைக் கெடுத்தது. மிச்ச ஆசிட்டைத் தண்ணீர் கலக்காமல் பானெட்டில் ஊற்றி, ஊறட்டும் என்று டீ குடிக்கப் போய்விட்டார். வந்து அலசியபோது பொருக்கோடு பெயிண்டும் போயிருந்தது. பானெட்டில் திட்டுத் திட்டாகச் செங்காவி நிறம் தெரிந்தது, பம்பர் கறுத்துக் கிடந்தது. "அப்புடியேவாடா ஊத்துன?" என்று அம்மா தலையில் கைவைத்தாள். மாமா இருட்டும்வரை அந்தத் திட்டுகளைத் துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் தாலி கட்டி முடிந்து நாங்கள் கிளம்பும்போது மண்டப வாசலில் பூ சுற்றிய புதுக் கார்தான் நின்றது. மாமா தன் வண்டியைப் பின்பக்கம் ஒளித்து வைத்திருந்தார். நேராக அவரிடம் போனேன்.

"அதுலயே போ பாப்பா. மொத மொத போற எடத்துல என்னால ஒனக்கு அசிங்கம் வேணாம்."

"நீங்க வண்டிய எடுக்கலன்னா நான் போவல மாமா."

எனக்கு அப்படி ஒரு கோபம். என்ன ஆகப்போகிறதோ என்று எல்லாரும் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தார்கள். காலையில்தான் எனக்குக் கணவரான அந்த மனிதர், "வாங்க மாமா, ஒங்க வண்டிலயே போயிடலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றுவரை அவருடைய எத்தனையோ குற்றங்களை மன்னித்து வருகிறேன்.

மீன்சுருட்டியில் இறங்கியதும் கூடியிருந்தவர்களின் கண்ணெல்லாம் எங்களைவிட்டுக் காரின்மேல்தான் போனது. மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மாமியார் எங்களுக்கு ஆரத்தி சுற்றிப் பொட்டு வைத்தார். பிறகு தட்டோடு காரைப் பார்த்து நடந்தார்.

"எங்க வூட்டு மருமவளப் பத்திரமா கொண்டாந்து சேத்துருக்கு. இதுக்குச் சுத்த வேணாமா?" என்று சொல்லி, காருக்கும் மூன்று சுற்று சுற்றினார். தட்டில் விரலைத் தொட்டு, இருந்ததிலேயே பெரிய திட்டாகப் பார்த்து ஒரு பொட்டு வைத்தார்.

"எறங்கி வாங்கண்ணே, சாப்புடலாம்" என்று மாமாவைக் கூப்பிட்டார். மாமா இறங்கி வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.