தமக்கையார் கிழித்துக் கொடுத்த கடைசித் தாள்

எங்கள் தமக்கையார் மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், இந்நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் அவருடன் பிறந்த இளையவனாகிய அடியேனின் வணக்கம்.

மாரமங்கலத்தில் பிறந்து, கொட்டச்சேட்டில் வாழ்க்கைப்பட்டு, இளமையிலேயே கணவரை இழந்தவர் அவர். எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை பொறுக்கியே இரு பெண்மக்களை ஆளாக்கினார்.

எழுபதுகளின் இறுதியில், அப்பெண்மக்களுக்காக ஏற்காட்டில் பாய் ஒருவர் நடத்திய பத்திரிகைக் கடையில் ஒரு சிறுவர் வார இதழ் வாங்கலானார். மந்திரத்தால் மானாகிப்போன அண்ணனைத் தேடி ஏழு மலை கடக்கும் சிறுமியின் கதை அதில் தொடராக வந்தது. காப்பிக் களத்தில் உடன் கொட்டை பொறுக்கிய பெண்களுக்கு அதை உரக்க வாசிப்பார். ஒருநாள் வேடன் வில்லை வளைத்த கட்டத்தில், பொறுக்கி ஒதுக்கவேண்டிய கறுப்புக்கொட்டைகளெல்லாம் நல்ல குவியலில் விழுந்தன. எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் சினந்து வந்தார்.

"ஏனுங்க, சின்னப்புள்ளைங்க கதைக்கா இத்தனை கொட்டையும் பாழு?" என்றவர் சற்று நின்று, "சரி, மானு தப்பிச்சுதுங்களா?" என்றார்.

"அடுத்த வாரந்தானுங்க தெரியும். நீங்களும் வந்து குந்திக்குங்க" என்றார் ஒரு பெண்மணி. களமே சிரித்தது.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். லாரியில் வடக்கே சென்ற மகனிடமிருந்து நெடுநாளாகக் கடிதம் காணாத தாய் அவர். "அந்தப் பையன் ஊட்டுக்கு வந்துருவானா கண்ணு?" என்று வாரந்தோறும் கேட்பார்.

வந்துவிடுவான் என்று சொல்லிவிடலாகாதா என்று தமக்கையாரிடம் கேட்டேன் நான்.

"படிக்காம சொன்னா அது என் பேச்சு சாமி. அந்தம்மாவுக்கு வேணுங்கறது அச்சுல இருக்கறது."

கதை முடியும் வாரத்தில் மழையால் பாதை சரிந்து பஸ் நின்றது. பாதை சீரானதும், மறு பஸ்ஸுக்குக் காத்திராமல் தமக்கையார் ஏற்காட்டிற்கு நடந்தே சென்றார். நரைத்த தாடியுடைய பாய், இதழிலிருந்து கண்ணெடுக்காமல், "ரெண்டே பக்கந்தாங்க பாக்கி, முடிச்சுட்டுத் தர்றேன்" என்றாராம். தமக்கையார் காத்திருந்தார்.

மறுநாள் களத்தில் வாசித்தார். அண்ணன் மனித உருப்பெற்று வீட்டுக் கதவைத் தட்டினான். எழுத்தறியாத அத்தாய் அந்தத் தாளைக் கேட்டார். தமக்கையார் கிழித்துக் கொடுத்தார். மகன் வரவேயில்லை. தாள் மட்டும் அத்தாயின் பெட்டியில், சேலைக்கடியில், இறுதிவரை இருந்தது.

பிள்ளைகள் மான் தப்புமா என்று கேட்டனர். பெரியவர்கள் அது வீடு சேருமா என்று கேட்டோம். ஒரே கதை அனைவர்க்கும் போதுமானதாயிற்று.

நோயுற்ற நாட்களில் கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டார்க்கும், சேலத்து மருத்துவமனைக்கு ஜீப்பில் அழைத்துச் சென்ற அன்பருக்கும், பாய் குடும்பத்தார்க்கும் எங்கள் நன்றி என்றும் உரியது.

தமக்கையார் தைத்து வைத்த அக்கதைத் தொகுப்பு எங்கள் இல்லத்தில் உள்ளது. எவர் வீட்டுப் பிள்ளையும் வந்து படிக்கலாம். கடைசித் தாள் இல்லாததால் முடிவைத் தாம் இருந்தவரை அவரே சொல்லி வந்தார். இனி பிள்ளைகள் கேட்டால், தயவுகூர்ந்து நீங்கள் சொல்லுங்கள்: அண்ணன் வீடு வந்து சேர்ந்தான்.