நான் மழையாக நடித்தது

எனக்குப் பேச்சு வராது. கை கால்களும் என் சொல் கேட்காது. இதைக்கூடக் கன்னத்தருகே பொருத்திய பொத்தானை அழுத்தி, திரையில் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கித்தான் எழுதுகிறேன். சிறுமியாக இருந்தபோது இந்தக் கருவி கிடையாது. என்னிடம் இருந்தது ஒரு சத்தம் மட்டும். சந்தோஷமோ பயமோ பசியோ, அடிவயிற்றிலிருந்து நீளமாக அதுதான் கிளம்பும். விக்கிரமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால், உடனே அம்மாவின் உள்ளங்கை என் வாயைப் பொத்திவிடும். அதட்டமாட்டாள், மெதுவாகத்தான் பொத்துவாள். வெங்காய வாசனை அடிக்கும். வந்தவர்கள் என்னை வைத்துக்கொண்டே என்னைப் பற்றிப் பேசுவார்கள். மூலையில் கிடக்கும் நெல் மூட்டைக்குக் காது இருக்குமா என்று யார் யோசிப்பார்கள்?

வாரம் ஒருநாள் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் அரியலூர்ப் பயிற்சி மையத்துக்குப் போவாள். அங்கே கை கால்களை நீட்டி மடக்குவார்கள். என்னோடு பேசுகிறவர்கள் அங்கும் இல்லை.

ஒருமுறை போனபோது திருச்சியிலிருந்து ஒரு நாடக டீச்சர் வந்திருந்தார். எங்களை வைத்து நாடகம் போடப்போவதாகச் சொன்னார். அம்மாக்கள் மரியாதைக்காகச் சிரித்தார்கள். அவர் ஒவ்வொரு பிள்ளைக்கு முன்னாலும் தரையில் உட்கார்ந்தார். என் முன்னால் வந்து உட்கார்ந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, சத்தம் கிளம்பியது. அம்மாவின் கையும் எழுந்தது.

"இருங்க அக்கா. இன்னொரு தடவ கேக்கணும்."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு என்னிடமே சொன்னார்: "மழைக்கு முன்னாடி இடி உருளும்ல, அது மாதிரியே இருக்கு. நீதான் மழ."

காய்ந்த கடலைக் கொல்லையைப் பற்றிய நாடகம் அது. பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத ஒரு பையன்தான் விதை. மேடைப் பலகையில் உள்ளங்கையைப் பதித்துப் படுத்திருப்பான். நான் கத்தினால் மேளம் அடிப்பார்கள். பலகை அதிர்வதைக் கையில் உணர்ந்து அவன் முளைத்து எழுவான். நான் கத்தாவிட்டால் அவன் மண்ணுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

நாடகம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. என் நாற்காலிக்குப் பின்னால் அம்மா நின்றாள். விவசாயியாக வந்த பிள்ளை வானத்தைப் பார்த்துக் கையேந்தியதும் எனக்குள் சத்தம் திரண்டு வந்தது. கூட்டத்தைப் பார்த்த அம்மாவின் கை, பழக்கதோஷத்தில், என் வாய்மேல் வந்து விழுந்தது.

மேளம் அடிக்கவில்லை. விதையாக இருந்த பையன் அசையாமல் கிடந்தான். டீச்சர் திரை ஓரத்திலிருந்து வந்து தணிந்த குரலில் சொன்னார்.

"அக்கா, கைய எடுங்க. புள்ள காத்துக்கிட்டு இருக்கான்."

அம்மாவின் விரல்கள் என் உதட்டிலிருந்து ஒவ்வொன்றாக விலகின.

கத்தினேன். அப்படி ஒருநாளும் கத்தியதில்லை. மேளம் அதிர்ந்தது. அவன் எழுந்து இரண்டு கைகளையும் விரித்தான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள்கூட எழுந்து கைதட்டினார்கள்.

போட்டோ எடுத்தார்கள், சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார்கள். டீச்சர் குனிந்து என் கன்னத்தைத் தொட்டு, "போயிட்டு வரேன்டா" என்றார்.

அடுத்த வாரம் மையத்தில் பழையபடி கை கால்களை நீட்டி மடக்கினார்கள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம், அவர்தான் என்று எண்ணிக் கத்தினேன். ஐப்பசி வந்து நிஜ மழையே பெய்தது. அப்போதும் கத்தினேன். அம்மா வாயைப் பொத்தவில்லை. வயிற்றுவலி என்று நினைத்து ஓமத்தண்ணீர் புகட்டினாள்.

டீச்சரின் வேலை அந்த ஒரு நாடகத்தோடு முடிந்திருந்தது. 'போகிறேன்' என்று சொல்லக்கூடாது என்பதற்காக எல்லோரும் 'போயிட்டு வரேன்' என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் எல்லோரும் திரும்பி வருவதில்லை. எனக்கு அது தெரியாது. அதுவரை யாரும் என்னிடம் சொல்லிக்கொண்டு போனதில்லை.