படகுக்கு விசிறி மாற்றிய நாள்

வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் கொல்லிமலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் நான் மேஸ்திரி. தோட்டத்துத் துரை ஓடையை மறித்து ஏரி கட்டினார். அதில் விட ஒரு படகும், படகின் பின்னால் மாட்டுகிற மோட்டாரும் வாங்கினார். அப்போது மலைக்கு ரோடு கிடையாது. அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து மோட்டாரைக் கம்பில் கட்டி, பிள்ளைத்தாய்ச்சியைத் தூக்குவதுபோல நான்கு பேர் தூக்கி வந்தார்கள். துரை ஒரு வாரம் ஓட்டினார். பிறகு எல்லாவற்றையும் என் பொறுப்பில் விட்டுவிட்டுச் சீமைக்குப் போய்விட்டார்.

மோட்டாரோடு இரண்டு பித்தளை விசிறிகள் வந்திருந்தன. தண்ணீருக்கடியில் சுழன்று படகைத் தள்ளுவது இந்த விசிறிதான். ஒன்றின் இதழ்கள் நன்றாகத் திருகியிருந்தன, மற்றதில் கொஞ்சம்தான் திருகல். எது எதற்கு என்று துரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் தெரியாதவன் ஆகிவிடுவேனே. எங்கள் மலையில் மண்வெட்டி வாங்கினால் தகடு நன்றாக வளைந்திருக்கிறதா என்றுதான் பார்ப்போம். வளைந்தது அதிக மண்ணை வாரும். அதே புத்தியோடு அதிகம் திருகியதை மாட்டி, தனியாளாக ஏறி, மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை இழுத்தேன். படகு பறந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதன் பிறகு வேலை முடிந்தால் ஏரிதான் கதி. ஒருநாள் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய்க் கரைக்கே வந்த என் மனைவி, "ஏனுங்க, அந்த மோட்டாரையே கட்டிக்கிட்டிருக்கலாமில்ல" என்றாள். கரையில் நாலு பேர் இருந்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஆமா, அது உன்னைய மாதிரி இல்ல. சொன்ன பேச்சு கேக்கும்" என்றேன். மறுநாள் காலையில் அவள் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அது ஏரிக்கு அக்கரையில் இருந்தது.

ஒரு மாதம் வீம்பாக இருந்தேன். சமையல் போனால் போகட்டும், அவள் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. கரையைச் சுற்றி நடந்து போனால் குற்றவாளி மாதிரி இருக்குமே என்று படகிலேயே போனேன், விர்ரென்று. மற்ற விசிறி கருவிப் பெட்டிக்குள் காலடியில் கிடந்தது.

மாமனார் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமியார்தான், "பொண்ண வெறுங்கையோட அனுப்பமாட்டமுங்க மாப்ள" என்று சொல்லி, வழக்கப்படி ராகியும் சாமையும் மரவள்ளிக் கிழங்கும் ஏற்றினார். ஆறு மூட்டை, ஒரு பலாப்பழம், கால் கட்டிய இரண்டு கோழி. மூட்டைமேல் உட்கார்ந்த என் மனைவி, "இந்தப் படகு நகந்தா வாரேன். இல்லாட்டி எறங்கிக்கறனுங்க" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

கயிற்றை இழுத்தேன். மோட்டார் முக்கியது, புகை விட்டது, அணைந்தது. படகு நாலு முழம் போயிருந்தால் அதிகம். பெட்ரோலைப் பார்த்தேன், பிளக்கைத் துடைத்தேன், மறுபடி இழுத்தேன். மறுபடி அணைந்தது. கரையிலிருந்த மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எறங்கு கண்ணு, போலாம்" என்றார்.

ஒரு காலைத் தண்ணீரில் விட்டவள் அப்படியே நின்றாள். "ஏனுங்க, சொமையோட மேடு ஏறறப்ப எட்டி எட்டியா அடி வெப்போம்? கிட்டக் கிட்டத்தானே வெப்போம். அதும் பாவம், மூச்சு வாங்குது."

எனக்குச் சுள்ளென்றது. பெட்டிக்குள் கிடந்த மற்ற விசிறியைப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அதிகம் திருகிய விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் அடியை எட்டி வைக்கிறது. ஒற்றை ஆளுக்கு அது போதும், இத்தனை சுமைக்கு ஆகாது. மற்றது கிட்டக் கிட்ட வைக்கும். மோட்டாரைச் சாய்த்துத் தூக்கி, விசிறி கழலாமல் செருகியிருந்த ஊசியைக் குறடால் பிடுங்கி, விசிறியை மாற்றினேன். கயிற்றை இழுத்தேன். மோட்டார் முக்கவில்லை. படகு மெல்ல, எருமை நடையில், கரையை விட்டு நகர்ந்தது. அவள் காலை உள்ளே எடுத்துக்கொண்டாள்.

படகு பாதி ஏரி வந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் நான் ஏதோ முணுமுணுத்தேன்.

"மோட்டார் சத்தத்துல கேக்கலீங்க. நிறுத்திட்டுச் சொல்லுங்க."

நிறுத்தினேன். கோழிகூட வாயை மூடிக்கொண்டது. "அன்னைக்கு நாலு பேர் முன்னால உன்னைய அப்படிப் பேசினது தப்பு புள்ள" என்றேன்.

மூட்டைமேல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "சரி, கயித்த இழுங்க" என்றாள். "நம்ம ஊட்டுக்குப் போலாம்."