நைனாவின் தலையில் பூசிய மை

அப்போதெல்லாம் சனிக்கிழமை சாயங்காலமானால் எங்கள் தெரு முழுக்கத் தலைக்குப் பூசுகிற டை நெடி அடிக்கும். அடுப்பில் கொதிக்கிற கருவாட்டுக் குழம்பின் வாசனையையும் அமுக்கிவிட்டு வீட்டுக்குள் நுழையும் அந்த நெடி, மறுநாள் தலையணையிலும் இருக்கும். கும்மிடிப்பூண்டியில் இருந்த ஒரு கம்பி மில்லுக்குக் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிற ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு அவரவர் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார, வீட்டுப் பெண்கள் பழைய டூத் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு தலைகளுக்குக் கறுப்பு பூசுவார்கள். அழகுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். திங்கட்கிழமை காலையில் மில் கேட்டில் நின்று அந்த வாரத்துக்கு ஆள் எடுக்கிற மேஸ்திரி, தலையைத்தான் பார்ப்பான். கறுப்புத் தலை உள்ளே போகும், வெள்ளைத் தலை வீட்டுக்குத் திரும்பும்.

இப்போது நான் மணவாள நகரில் குடியிருந்துகொண்டு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்துகிறேன். போன வாரம், ஒரே பொருள் தரும் சொற்கள் என்ற பாடத்தில் ‘கிரிஸில்டு’ என்று ஒரு சொல் வந்தது. நரை விழுந்த என்று பொருள். பல காலம் அடிபட்டுத் தேறிய ஆளைச் சற்று மரியாதையோடு சொல்லும்போது இந்தச் சொல்லைப் போடலாம் என்று விளக்கமும் இருந்தது. மரியாதையாமே! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் மேஸ்திரியும் நரைக்கு விதவிதமாகப் பேர் வைத்திருந்தான், "பெருசு", "கெய்வன்", "வெள்ளத்தல" என்று. வெள்ளைத் தலைக்காரன் வாய் திறந்து ஒன்றைக் கேட்டுவிட்டால் அதற்கும் தனியாக "பொலம்பல் கேஸு", "பேஜாரு புடிச்சவன்" என்று வைத்திருந்தான். இதில் எதை நான் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போடுவது?

நைனாவுக்கு, எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், நாற்பது வயதுக்குள்ளேயே தலை முழுக்க நரைத்துவிட்டது. உலைக்கு எதிரே நின்று, பழுத்து வருகிற கம்பியை இடுக்கியால் பிடித்து இழுக்கிற வேலை அவருக்கு. அவர் மில்லில் சம்பளம் கூட்டிக் கேட்டதில்லை, லீவு கேட்டதில்லை. குடிதண்ணீர் ட்ரம்மை உலைப்பக்கத்திலிருந்து எடுத்து நிழலில் வைக்கச் சொன்னார், அவ்வளவுதான். "மனுசன் குடிக்கிற தண்ணியாய்யா இது? தொண்டைல எறங்க மாட்டேங்குது. அந்தாண்ட நவுத்து வெய்யின்னா இன்னா கொறஞ்சா பூடுவ?" என்று வாரம் தவறாமல் கேட்டார். ஒரு ட்ரம். நாலு பேர் பிடித்தால் நகர்ந்துவிடும். அதைக் கேட்டதற்குத்தான் அவருக்குப் "பொலம்பல் கேஸு" என்று பேர் விழுந்தது.

நான் எட்டாவது முடித்த கோடை விடுமுறையில் டை அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கண் இரண்டும் மூடிக்கொண்டு, முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தார். அம்மா அலறிவிட்டாள். இனி அந்தப் பொட்டலம் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று தூக்கி எறிந்தாள். வீக்கம் வடிவதற்குள் அந்த வாரம் போய்விட்டது. அடுத்த வாரமும் போனால் அடுப்பு எரியாது. அம்மா யோசித்து யோசித்து, விளக்கில் பிடித்த கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, பிள்ளைக்கு மை தீட்டுகிற பக்குவத்தில் அவர் தலைக்குப் பூசினாள். "இன்னாய்யா, மாப்ள மாதிரி கீற!" என்று சிரித்தாள். நைனா வெட்கப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். திங்கட்கிழமை காலையில் மேஸ்திரியும் ஏமாந்து உள்ளே விட்டான்.

உலைக்கு முன்னால் எண்ணெய் என்ன ஆகும் என்று பாவம் அவளுக்குத் தோன்றவில்லை. எங்களில் யாருக்குமே தோன்றவில்லை.

அன்று மத்தியானம் கேரியரில் சோறு எடுத்துக்கொண்டு மில் கேட்டுக்குப் போனேன். நைனா வந்தார். நெற்றியிலிருந்து கன்னம், கழுத்து, சட்டைக் காலர் வரைக்கும் கறுப்பு கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. நடுவில் நரை பளிச்சென்று தெரிந்தது. மேஸ்திரி கைதட்டி எல்லோரையும் கூப்பிட்டான். "டேய், இங்க வந்து பாருங்கடா! பெருசு உருகுது!" சாப்பாட்டுக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு தேவராஜ் மாமாவும் சிரித்தார். அத்தனை பேரும் சனிக்கிழமை வாசலில் உட்கார்ந்து சாயம் பூசிக்கொண்ட தலைகள்! மேஸ்திரி சிரித்ததைக்கூட விட்டுவிடுவேன். அந்தத் தலைகள் சிரித்தது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

நைனா தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையை அழுத்தித் துடைத்தார். மொத்த நரையும் வெளியே வந்தது. "ஆமாய்யா, நரைச்ச தலதான். உன் உலைக்கு எதிர்ல நின்னுக்கினு நரைச்சது. நல்லா பாத்துக்கினியா? இப்பவாவது அந்த ட்ரம்ம நவுத்து."

"பொலம்பி முடிச்சிட்டியா? அப்டியே ஊட்டுக்குப் போ. இனிமே இந்தப் பக்கம் வராத" என்றான் அவன்.

கேரியரைத் திறக்காமலே இரண்டு பேரும் திரும்பி நடந்தோம். வழியில் நைனா ஒன்றே ஒன்று சொன்னார். "மை உருகிடிச்சின்னு அம்மாகிட்ட சொல்லாத கண்ணு. மனசு ஒடிஞ்சி பூடும்."

மேஸ்திரிகளுக்குள் பேச்சு பரவி, சுற்றுவட்டாரத்தில் எந்த கேட்டும் அவரை எடுக்கவில்லை. கடைசியில் அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரிக்கு லோடு ஏற்றப் போனார். அங்கே இருபது வயசுப் பையன் தலையும் வெள்ளையாகத்தான் இருக்கும், அதனால் யாரும் தலையைப் பார்க்கவில்லை. வாயை மட்டும் மூடிக்கொள்ளவேண்டியிருந்தது. நைனா மூடிக்கொண்டார்.

இப்போது அந்த கேட்டில் மேஸ்திரி இல்லை, கைரேகை வைக்கிற மெஷின் இருக்கிறது. எங்கள் பழைய தெருவில் சனிக்கிழமை நெடியும் இல்லை. மீஞ்சூர் ஸ்டேஷனுக்கு வெளியே, நரைத்த தாடியை நீவிக்கொண்டு கோட்டுப் போட்ட ஒருத்தன் பெரிய போர்டில் சிரிக்கிறான். நரை அவனுக்கு ஸ்டைலாம்! அந்தப் போர்டைக் கல்லால் அடிக்கவேண்டும் என்று அந்தப் பக்கம் போகிற ஒவ்வொரு முறையும் கை துடிக்கிறது.

நைனா என்னோடுதான் இருக்கிறார். போன மே மாதம் ஃப்ரிட்ஜ் ரிப்பேர். மாடி டேங்க் தண்ணீர் குழாயில் கையை வைக்கமுடியாமல் சுட்டது. அதைப் பிடித்து வைத்த குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு நைனா பாட்டுக்குக் குடித்தார். நான் வாயில் விட்டுப் பார்த்துவிட்டுத் துப்பினேன்.

"இன்னா நைனா இது, இந்தச் சூடு சுடுது! ஒரு வார்த்த கேக்கமாட்டியா? கத்து நைனா, என்னயாவது திட்டு!" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொம்பை நீட்டினார்.

"பரவால்ல கண்ணு. இன்னும் கொஞ்சம் ஊத்து."