கருப்பம்மாளின் தார்ரோட்டுக் களம்

திண்டுக்கல் பஸ் கடந்துபோன புழுதி அடங்குவதற்குள் கருப்பம்மாள் ரோட்டில் இறங்கிவிடுவாள். கையில் நீளக் கம்பு. பயறு உதிரட்டும் என்று தாரில் பரப்பிய கொள்ளுச் செடியில் சக்கரம் ஏறி நசுங்கியதைப் புரட்டித் தள்ளி, நசுங்காததை மேலே கொண்டுவந்து, அடுத்த ஹாரன் கேட்பதற்குள் வேப்பமர நிழலுக்குத் திரும்பிவிடுவாள். "வா ராசா, நல்லா மிதிச்சிட்டுப் போ" என்று வருகிற லாரிக்கு ஒரு வரவேற்பு வேறு.

வண்டிகளில் அவளுக்குத் தராதரம் உண்டு. பஸ்தான் முதல். "பஸ்ஸுன்னா கனமும் அளவு, வேகமும் அளவு" என்பாள். கல் ஏற்றிய லாரி பயற்றை உடைத்துவிடும். டிராக்டர் செடியை இழுத்துக்கொண்டே போய்விடும். இரண்டு சக்கர வண்டிகளைக் கண்டால் மட்டும் அவளுக்குப் பயம், வழுக்கிவிடும். அதற்காகக் களத்தின் இரு முனையிலும் கல்லை வைத்து வேப்பங்கொத்துச் செருகியிருப்பாள். அது போதாதென்று, "ஏலே, ஓரமாப் போ, ஓரமாப் போ" என்று கூடவே ஓடுவாள். ஐம்பதைத் தாண்டிய உடம்பு என்று சொன்னால் நம்ப முடியாது.

தொண்ணூறுகளில் அது மாநில நெடுஞ்சாலை. திண்டுக்கல்லில் நேராகக் கிளம்பி வரும் சாலை, வெள்ளோடைப்பட்டிக் கண்மாயைக் கண்டதும் கரையோடு வளைந்து, ஊருக்கு நடுவே புகுந்து, பிறகுதான் செம்பட்டிக்கு வழி பிடிக்கும். அந்தக் காலத்து வண்டிக்காரர்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் போன தடம் அது. அதன்மேல் சரளை விழுந்தது, தார் விழுந்தது, மைல்கல்லில் எண் ஏறியது. சாலையை அகலப்படுத்தியபோது போன நிலத்தில் கருப்பம்மாளின் மாமனாருடையதும் கொஞ்சம் உண்டு. ஆகவே ரோட்டில் பாதி தனக்குப் பாத்தியம் என்பது அவள் கட்சி. நெடுஞ்சாலைத் துறை ஜீப்பில் வந்து யாராவது ஏசினால், "எங்க நெலத்து மேல ஒங்க ரோடு படுத்திருக்கு. நாங்க ஏதாச்சும் கேட்டமா?" என்பாள். வந்தவர் பதில் யோசிப்பதற்குள் அவர் கையில் மோர்ச் செம்பு இருக்கும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்களில் கண்மாய்க்குத் தெற்கே புதுச் சாலை போட்டார்கள். ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தது போல நேர் சாலை. நெடுஞ்சாலை என்ற பெயரும் எண்ணும் அங்கே குடிபோயின. பழைய வளைவை ஊராட்சி ஒன்றியத்தின் தலையில் கட்டிவிட்டு, மைல்கல்லில் இருந்த எண்ணுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். டீக்கடைக்காரர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். கருப்பம்மாளுக்கு மட்டும் ஏக சந்தோஷம். இனி ஜீப் வராது, ஏச ஆள் கிடையாது. அந்த மாசியில் வழக்கத்தைவிட நீளமாகக் களம் விரித்தாள். மானாவாரிக் காட்டில் அந்த வருஷம் விளைந்த கொள்ளு முழுவதும் ரோட்டில் கிடந்தது.

விரித்துவிட்டு உட்கார்ந்தாள். வண்டிதான் வரவில்லை.

ஏச ஆள் இல்லாத ரோட்டில் மிதிக்கவும் ஆள் இருக்காது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. கணவர் நல்லுசாமி பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தார். "அங்கிட்டு ஒரு மரம் உண்டா, நெழல் உண்டா? வெயிலு தாங்காம அம்புட்டு வண்டியும் இங்கிட்டுத்தான் திரும்பி வரும் பாருங்க" என்றாள். வந்தவை நாலைந்து ஆடுகள். அவையும் மிதிக்க வரவில்லை, தின்ன வந்தன.

ஒருநாள் பிற்பகல் கன்னிவாடி மலைப்பக்கம் கருத்தது. மாசியில் யாரும் எதிர்பாராத மழை. நனைந்தால் கொள்ளு நெற்றிலேயே முளைவிட்டுவிடும். வீட்டுக்கும் ஆகாது, விதைக்கும் ஆகாது. கம்பால் அடித்து எடுக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

அந்த ரோட்டுக்கு என்று மிச்சமிருந்த ஒரே வண்டி சித்தையன்கோட்டை மினி பஸ். ஊர் நடுவே ஆட்களை இறக்கிவிட்டு அப்படியே திரும்பிவிடும். களம் இருக்கும் பக்கம் வராது. அது வந்து நின்றதும் கருப்பம்மாள் ஓடிப்போய்ப் படிக்கட்டை மறித்தாள்.

"யாரும் எறங்கக் கூடாது. செத்த நேரம் அப்படியே உக்காருங்க. எனக்குக் கனம் வேணும்."

டிரைவர் முகமது ரஃபீக்குக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும், "யக்கா, ஓனரு என்னையக் கொன்னுபுடுவாரு" என்றான்.

"அவரு கொல்றதுக்கு நாளாகும் அப்பு. மழை இப்பவே கொல்லப் போகுது. வண்டிய விடு."

காய்கறிப் பையோடு எழுந்த ரோஸ்மேரி, "எனக்கு வீட்டுல வேல கெடக்கு சின்னம்மா" என்றாள்.

"ஒன் வேலைய நான் வந்து செஞ்சு தாரேன்டி. இந்த வண்டியில ஒன் ஒடம்பத்தான் நான் மலையா நம்பியிருக்கேன். உக்காரு."

பஸ்ஸே சிரித்தது. ரோஸ்மேரியும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். ரஃபீக் வானத்தைப் பார்த்தான், கருப்பம்மாளின் முகத்தைப் பார்த்தான், கியரைப் போட்டான்.

களத்தின்மேல் மினி பஸ் போயிற்று, பின்னோக்கி வந்தது, மறுபடி போயிற்று. கருப்பம்மாள் கம்போடு ஓடி ஓடிப் புரட்டினாள். "எடப்பக்கம் ஏத்து! அந்த ஓரம் அப்படியே கெடக்கு பாரு!" உள்ளே குலுங்கியவர்கள், "யக்கா, இங்க எங்களுக்கே நெத்து ஒடையுது" என்று கத்தினார்கள். செடி நொறுங்கியதும் அவர்களே இறங்கி வந்து கைகொடுத்தார்கள். ரோஸ்மேரி தட்டையை உதறி ஒதுக்கினாள். நல்லுசாமி சாக்கு பிடித்தார். தூற்றுவதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று தூசியும் பயறுமாகவே வாரிக் கட்டினார்கள்.

கடைசிச் சாக்கைக் கட்டும்போது தூறல் விழுந்தது. வீடோ ஊரின் மறுகோடியில். யாரும் யோசிக்கவில்லை, சாக்குகளை மினி பஸ்ஸிலேயே ஏற்றினார்கள். சீட்டில் சாக்கு, நடுவழியில் சாக்கு, சாக்குகளின் மேல் ஆட்கள், படிக்கட்டில் தொற்றிக்கொண்டு நல்லுசாமி. "நீயும் ஏறு புள்ள" என்று அவர் கை நீட்டினார். கால் வைக்க இடம் இல்லை.

கருப்பம்மாள் வண்டியின் பின்பக்கம் பலமாக இரண்டு தட்டுத் தட்டி, "போலாம் ரைட்!" என்றாள். பஸ் நகர்ந்ததும், ஒதுங்கக்கூடச் செய்யாமல், நடு ரோட்டிலேயே நின்று கொண்டையை அவிழ்த்து மழைக்குக் கொடுத்தாள்.